மாத்தளையில் ஒரு மொட்டைச்சி

விமானம் தரையைத் தொட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் முன்னால் ஒருவர் எழுந்து நின்றார். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் எழுந்துவிட்டது. கதவு திறக்கவில்லை, ஏணி வரவில்லை, போக வழியும் இல்லை. ஒருவர் முதுகில் ஒருவர் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஆட்டுப்பட்டியில் விடிந்ததும் நடப்பது இதுதான். படலைத் திறக்கும் முன்பே ஒன்று எழும், அதைப் பார்த்து எல்லாம் எழுந்து வாசலில் நெரித்துக்கொண்டு நிற்கும். கோட்டுப் போட்ட ஆட்கள் அப்படி நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன். பக்கத்து இருக்கைப் பெண், நான் பயத்தில் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். அழவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தடவட்டும் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு ஊர் திருமயம் பக்கம். வெள்ளாடு வளர்க்கிறேன். ஆட்களோடு பேச வராது, ஆட்டோடு நன்றாகப் பேசுவேன். அப்படிப்பட்டவள் கடல் தாண்டி வந்தது என் தம்பி மகள் பூங்கொடிக்காக. தாயில்லாப் பிள்ளை, என் மடியில் வளர்ந்தவள். மாத்தளைக்குப் பக்கத்தில் ரத்தோட்டையில் கட்டிக்கொடுத்தோம். பாட்டன் காலத்தில் தேயிலைத் தோட்டத்துக்குப் போன வழிச் சொந்தம். அறுந்த உறவை ஒட்டவைத்த கல்யாணம் அது.

போனில் அவள் ரகசியம் சொல்வது போலத்தான் பேசுவாள். "நல்லா இருக்கேன் அத்தை. எல்லாரும் நிக்கிறாங்க. வச்சிர்றேன்." பின்னால் ஒரு பெரிய குரல் அதட்டிக்கொண்டே இருக்கும். கேட்டுக் கேட்டுத் தம்பிக்குத் தூக்கம் போய்விட்டது.

"நீ போயி பாத்துட்டு வாக்கா," என்றான். "கேட்டா சொல்ல மாட்டா. நீ கேக்கவும் மாட்டே. ஆனா பாத்தே கண்டுபிடிச்சிருவே. புள்ள மிதிபடுதுன்னு தெரிஞ்சா கையோட கூட்டிட்டு வந்துரு." என் ஆடுகளை அவன் பார்த்துக்கொள்வது, அவன் மகளை நான் பார்த்து வருவது என்று பேச்சு.

பார்த்தே கண்டுபிடிப்பேன் என்று அவன் சொன்னது ஆட்டை வைத்துத்தான். ஒரு பட்டியில் யார் பெரிய கை, யார் அடங்கினவள் என்று தெரிய எனக்குத் தண்ணீர்த் தொட்டியடியில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். எது முதலில் வாய் வைக்கிறது, எது வந்தால் எது விலகுகிறது, எது கடைசியில் கலங்கல் தண்ணீரைக் குடிக்கிறது. முட்டிக்கொள்ள வேண்டியதே இல்லை. என்றைக்கோ ஒருநாள் முட்டி முடிவு செய்ததை, அப்புறம் தலையைத் திருப்பியே நடத்திக்கொள்ளும். மனிதர் வீட்டிலும் எங்காவது ஒரு தொட்டி இருக்கும், அதைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் வந்தேன்.

மாப்பிள்ளை சுரேஷ் சீகிரியாவுக்கு வெள்ளைக்காரர்களை ஏற்றிப் போகிறவர். அந்த வேனையே கொண்டுவந்திருந்தார். மாத்தளை ஊருக்குள் வந்ததும் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினார். கடைக்காரர் முஸ்லிம் பெரியவர். எல்லாரும் அண்ணன் முறைக்கு நானா என்று கூப்பிட்டார்கள். அவர் நாங்கள் கேட்காமலே ஒரு பெரிய தட்டு நிறைய வடை, ரோல்ஸ், முக்கோண ரொட்டி என்று அடுக்கிக்கொண்டுவந்து நடுவில் வைத்தார். எவ்வளவு அன்பு! விருந்துக்கு வந்த இடத்தில் வைத்ததை மிச்சம் வைத்தால் மரியாதைக் குறைவு. சுரேஷ் ஒரு ரொட்டியோடு கையைக் கழுவப் போய்விட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொன்றாகத் தின்றேன். முக்கோண ரொட்டிக்குள் உருளைக்கிழங்கும் மிளகும் வைத்து மடித்திருந்தார்கள். நான்காவது வரைக்கும் ருசி தெரிந்தது. அப்புறம் கடமைக்குத் தின்றேன்.

சுரேஷ் திரும்பி வந்து வெறும் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பெரியம்மா, இங்க தட்ட நெறச்சித்தான் வைப்பாங்க. நமக்கு வேணுங்கிறத எடுத்துக்கிட்டா மிச்சத்த அவங்க கொண்டுபோயிருவாங்க."

எனக்கு மேசைக்கடியில் போய்விடலாம் போல் இருந்தது. நானா விழுந்து விழுந்து சிரித்தார். "மாஷா அல்லாஹ்! தம்பி, அம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க. இப்படி நாலு பேரு வந்தா கடைக்கு பரக்கத்துதான், யாவாரம் பெருகிரும்!"

ரத்தோட்டை வீடு சின்னது. சுற்றிலும் மரத்துக்கு மரம் மிளகுக்கொடி ஏறிக்கிடந்தது. வாசலில் நின்ற சம்மந்தியம்மாவைப் பார்த்ததும் போனில் கேட்ட அந்தப் பெரிய குரல் யாருடையது என்று தெரிந்துவிட்டது. குரல் முதலில் பிறந்து, அதற்கு அப்புறம் உடம்பு முளைத்த மாதிரி ஒரு பெண்மணி.

"வாங்க சம்மந்தி, வாங்க! என்னாங்க இப்படி வத்திப் போயிருக்கீங்க? இந்தியாவுல சோறு கெடைக்கிறதில்லையா? ஏய், கதிரைய எடுத்துப் போடுங்கடி!"

நாற்காலியை இங்கே கதிரை என்கிறார்கள். அந்தக் கதிரையில் உட்கார்ந்து, வயிறு நிறைய நானா கடை ரொட்டியோடு, நான் வீட்டைக் கவனிக்க ஆரம்பித்தேன். மூத்த மகன் ரவி, அவர் மனைவி தனம், இளையவர் சுரேஷ், எங்கள் பூங்கொடி. இவ்வளவுதான் குடும்பம். தொட்டியை நான் உடனே கண்டுபிடித்துவிட்டேன். அடுப்படி வாசல்தான் அது. ஒடுக்கமான வாசல், ஒரே ஆள்தான் போகலாம். சம்மந்தியம்மா வந்தால் தனம் ஒதுங்கினாள். தனம் வந்தால் பூங்கொடி ஒதுங்கினாள். பூங்கொடி யாருக்கும் ஒதுங்கினாள். பூனை வந்தபோதும் ஒதுங்கி நின்றாள்.

சாப்பாட்டில் மீன் தலை சம்மந்தியம்மாவுக்குப் போயிற்று. அப்புறம் ரவி, அப்புறம் சுரேஷ், நான், தனம். பூங்கொடி எல்லாருக்கும் போட்டுவிட்டுச் சட்டியை வழித்துக் கடைசியில் சாப்பிட்டாள். சாப்பிட்டுக் கை காய்வதற்குள், "ஏய் பூங்கொடி, தலைய என்னமோ அரிக்கிதுடி!" என்று சத்தம் வந்தது. எண்ணெய்க் கிண்ணத்தோடு போய் மாமியார் தலையைக் கோதிக்கொண்டு உட்கார்ந்தாள். என் மடியில் தலை வைத்துப் படுத்த பிள்ளை.

மறுநாள் காலையில் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பல் என்கிற மிளகாய்த் துவையலும் தந்தார்கள். மிளகாயை இங்கே கொச்சிக்காய் என்கிறார்கள். பேரை மாற்றினாலும் எரிச்சல் அதேதான். கண்ணில் நீர் வழிய நான் கொல்லைப்பக்கம் ஓடினேன். அங்கே கோழிகளுக்குச் சம்மந்தியம்மா சோறு வீசிக்கொண்டிருந்தார். ஒரு சிவப்புப் பெட்டை எல்லாவற்றையும் கொத்தி விரட்டிவிட்டு நடுவில் நின்று தின்றது. கழுத்தில் மயிர் போன ஒரு சின்னப் பெட்டை ஓரத்தில் விழுந்த பருக்கைக்குக் காத்து நின்றது.

"பாத்தீங்களா சம்மந்தி, இவதான் இங்க ராணி," என்று சிவப்பைக் காட்டினார் சம்மந்தியம்மா. "என்னைய மாதிரி!"

சிரிக்கவேண்டிய இடம்தான். நான் கழுத்து மயிர் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குழாயடியில் பூங்கொடி தனியாக அகப்பட்டபோது, எப்படியோ வாயைத் திறந்துவிட்டேன். "நல்லா இருக்கியாத்தா?"

"நல்லாத்தான் இருக்கேன் அத்தை," என்றாள். மேலே ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து "பூங்கொடீ!" என்று ஒரு குரல். அப்புறம் தனத்தின் குரலில் ஒரு "பூங்கொடி!", ரவியின் குரலில் ஒன்று. குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். குடம் நிறைந்து வழிந்தது. நான்தான் குழாயை மூடினேன்.

அதற்கு அடுத்த நாள் எல்லாரும் சீகிரியாவுக்குக் கிளம்பினோம். எனக்கு அங்கே இருக்கிற பெரிய கல்லைக் காட்டவேண்டும் என்று சம்மந்தியம்மாவுக்கு ஒரே ஆசை. சோற்றைக் கட்டி எடுத்துக்கொண்டார்கள். வழியெல்லாம் சிரிப்பும் பாட்டும்தான். நான் மட்டும் தம்பிக்கு என்ன சொல்வது என்று மனசுக்குள் பேசிக்கொண்டு வந்தேன். போய்ச் சேர்ந்து வேனை நிறுத்தினால் பக்கக் கதவு திறக்கவில்லை. இறுகிக்கொண்டுவிட்டது. சுரேஷ் வெளியே நின்று இழுத்தார், ரவி உள்ளே இருந்து உதைத்தார். கதவு அசையவில்லை. கடைசியில் ஒவ்வொருவராக முன்பக்கம் ஏறி, ஓட்டுநர் கதவு வழியாக இறங்குவது என்று ஆயிற்று.

சம்மந்தியம்மா நடுவில் மாட்டிக்கொண்டார். அவர் இடுப்பு அழுத்த அழுத்த ஹார்ன் அலறியது. "தள்ளுங்கடா! ஐயோ, இழுங்கடா!" என்று அவரும் அலறினார். பக்கத்தில் நின்ற த்ரீவீல் ஆட்டோக்காரர்கள் கை தட்டினார்கள். ஒருவர் சிங்களத்தில் ஏதோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று கேட்டேன். "குழந்தை பிறக்கப்போகுது, வெந்நீர் கொண்டுவாங்கன்னு சொல்றான்," என்றாள் தனம். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கல் பெரிதுதான். காட்டுக்கு நடுவில் யாரோ மறந்துவிட்டுப் போன மாதிரி நிற்கிறது. ஏறவேண்டுமா என்று பயந்தேன். "சும்மா இருங்க சம்மந்தி, நானே இத்தன வயசுக்கு ஏறினதில்ல. கீழ இருந்து பாத்தாலே தெரியிது," என்று சம்மந்தியம்மா மரத்தடியில் பாயை விரித்துவிட்டார். என் மனசுக்குப் பிடித்த முதல் வார்த்தை அது.

அங்கேதான் குரங்குக் கூட்டம் வந்தது. எங்கள் ஊர்க் குரங்கு மாதிரிதான், ஆனால் உச்சந்தலையில் மயிர் சுற்றிச் சுற்றித் தொப்பி வைத்த மாதிரி இருக்கிறது. ரிலவு என்கிறார்கள். பக்கத்தில் ஒரு சிங்களத் தாய் தன் பிள்ளையிடம் சொன்னதைப் பூங்கொடி எனக்குத் தமிழில் சொன்னாள்: "கண்ணுக்குக் கண் பார்க்காதே மகனே, அது சண்டைக்குக் கூப்பிடுவதாக நினைத்துக்கொள்ளும்." எனக்கு அந்தக் கவலை இல்லை. நான் ஆட்களையே கண்ணுக்குக் கண் பார்க்கிறதில்லை.

யாரோ வீசிய வாழைப்பழத்தை ஒல்லியான ஒரு பெண்குரங்கு எடுத்தது. அவசர அவசரமாகக் கன்னப்பையில் அடைத்துக்கொண்டது. தடித்த ஒன்று ஆடி அசைந்து வந்தது. ஒல்லியின் தலையைப் பிடித்தது, வாயைத் திறந்தது, விரலை விட்டுக் கன்னத்திலிருந்து பழத்தை நோண்டி எடுத்துத் தின்றது! ஒல்லி திமிறவே இல்லை. பல் வைத்தியரிடம் உட்கார்ந்த மாதிரி வாயைக் காட்டிக்கொண்டு இருந்தது. அப்புறம் தடித்தது முதுகைத் திருப்பி உட்கார, இந்த ஒல்லியே அதற்குப் பேன் பார்க்க ஆரம்பித்தது. தடித்ததின் குட்டி ஒன்று, கைப்பிடி அளவுகூட இல்லை, அது நடந்து வந்தால் பெரிய பெரிய குரங்கெல்லாம் எழுந்து இடம் விட்டன. தாய் பெரிய கை என்றால் பிள்ளையும் பெரிய கைதான் போலிருக்கிறது. ஒல்லியின் குட்டி தாயின் வயிற்றுக்கடியை விட்டு நகரவே இல்லை.

பூங்கொடிக்கு நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்தால்? அவள் பக்கம் சாய்ந்து காதில் சொன்னேன்: "வீட்டுக்குப் போனதும் பொட்டியக் கட்டு. என்னோட வந்துரு."

"என்னா அத்தை சொல்றீங்க?" என்று அவள் திரும்பியபோது சுரேஷின் போன் அடித்தது. என் தம்பி. ஊரிலிருந்து கத்துகிற கத்தில் போனே தேவையில்லை.

"அக்கா! ஒன் ஆடு என்னைய அசிங்கப்படுத்துதுக்கா! வெள்ளச்சிதானே பெரிய கை? எல்லாத்தையும் முட்டித் தள்ளுறது அதுதானே? அதுக்குக் கயிறு போட்டு முன்னால இழுத்துக்கிட்டுப் போனேன். கண்மாய்க் கரையில போயித் திரும்பிப் பாத்தா நானும் அதுவும்தான் நிக்கிறோம். மத்ததெல்லாம் பட்டிக்குள்ள படுத்து அசைபோடுது. பஸ்ஸுல போறவன் எல்லாம், என்னய்யா ஒத்தை ஆட்டுக்கு இவ்வளவு பெரிய கம்பான்னு கேக்குறான்!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அடே, வெள்ளச்சி முட்டத்தான் செய்யும். அது பின்னாடி ஒண்ணும் போகாது. மொட்டைச்சி எங்கே?"

"எது, அந்தக் கொம்பில்லாததா? கடைசியில தண்ணி குடிக்குமே, அதா? அது மூலையில கெடக்கு."

"அதை எழுப்பு. அது எழுந்தாத்தான் பட்டி எழும். அது எந்தப் பக்கம் போகுதோ நீயும் அந்தப் பக்கம் போ. இழுக்காதே."

மொட்டைச்சி யாரையும் முட்டினதில்லை. முட்டக் கொம்பும் இல்லை. எல்லாவற்றுக்கும் வழி விடும். ஆனால் எந்த ஓடையில் புல் இருக்கிறது, மழை எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று அதற்குத் தெரியும். அது தெரியும் என்பது மற்றதுக்குத் தெரியும். அதனால் மேய்ந்தபடியே ஓரக்கண்ணால் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். இதையெல்லாம் தம்பிக்குச் சொல்லிப் போனை வைத்தேன். என் வாய் சொன்னது என் காதில் அப்போதும் விழவில்லை.

சாப்பிட்டு முடித்தோம். பலாக்காய்க் கறி மணம் கையில் இருந்தது. "சரி, கெளம்புங்க கெளம்புங்க!" என்றார் சம்மந்தியம்மா. ஒருவரும் அசையவில்லை. ரவி படுத்துக்கொண்டு மேலே கிளையைப் பார்த்தார். "கெளம்புங்கன்னு சொல்றேன்ல!" என்று மறுபடி ஒரு சத்தம். குரங்குகள் பயந்து விலகின. ஆட்கள் விலகவில்லை. சுரேஷ் எழுந்து சாவியை ஆட்டிக்காட்டினார். தனம் கொட்டாவி விட்டாள். சம்மந்தியம்மாவே தான் சொன்னதை மறந்து இன்னொரு வெற்றிலையை எடுத்தார்.

பூங்கொடி சோற்றுக் கட்டை உதறினாள். பையைத் தோளில் மாட்டினாள். ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து நின்றாள்.

எல்லாரும் எழுந்தார்கள். ரவி எழுந்தார், தனம் எழுந்தாள், சம்மந்தியம்மா வெற்றிலையை வாயில் திணித்துக்கொண்டு முட்டியில் கை ஊன்றி எழுந்தார். பூங்கொடி இடப்பக்கம் திரும்பினாள். எல்லாரும் இடப்பக்கம் திரும்பினார்கள்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனாலும் ஒரு தடவை பார்த்ததை நம்பக்கூடாது. "பூங்கொடி," என்றேன், "செருப்புக்குள்ள கல்லு. செத்த இருத்தா." அவள் உட்கார்ந்தாள். அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள்! செருப்பை உதறுகிற மாதிரி உதறினேன். அவள் எழுந்தாள். எழுந்தார்கள். "இன்னும் இருக்குத்தா." உட்கார்ந்தாள். உட்கார்ந்தார்கள். ரவி மட்டும் பாதி எழுந்த நிலையில் மாட்டிக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் குனிந்தபடி நின்றார்.

"என்னா பூங்கொடி, போறமா இல்லியா?" என்று கேட்டார் சம்மந்தியம்மா. அவ்வளவு பெரிய குரல், அவளிடம் கேட்டது!

நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. முந்தானை போதவில்லை, பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். சம்மந்தியம்மா பயந்துபோய், "வெயிலு தலைக்கு ஏறிருச்சி, தண்ணி ஊத்துங்கடி!" என்று ஒரு போத்தல் தண்ணீரை என் உச்சியில் கொட்டிவிட்டார். வீடு வரைக்கும் ஈரத்தலையோடு சிரித்துக்கொண்டே வந்தேன். நான் தொட்டியை மட்டும் பார்த்திருக்கிறேன், படலைப் பார்க்கவில்லை. யார் யாருக்கு வழி விடுகிறது என்பது ஒரு கதை. யார் எழுந்தால் யார் எழுகிறார்கள் என்பது வேறு கதை. தம்பி இழுத்துக்கொண்டு போன வெள்ளச்சியைத்தான் நானும் இரண்டு நாளாகக் கண்ணால் இழுத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

பொழுது சாயும்போது பூங்கொடி கோழிக் கூட்டடியில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பொட்டியக் கட்டுன்னு ஏன் சொன்னீங்க அத்தை?"

தம்பியின் பயத்தைச் சொன்னேன். அடுப்படி வாசலைச் சொன்னேன். கடைசிச் சோற்றைச் சொன்னேன். குரங்கைச் சொன்னதும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மாமி என் வாய்க்குள்ள வெரல விட்டு நோண்டுறாங்கன்னு நெனச்சீங்களா?" எங்கள் பக்கம் மாமியாரையும் அத்தை என்போம். இங்கே மாமி. அவளுக்கு அத்தை என்றால் இந்த ஊரில் நான் ஒருத்திதான்.

"கடைசியா சாப்பிடுறேன்னா, அகப்பை என் கையில இருக்குல்ல? நான் முன்னாடியே தின்னுட்டா யாருக்கு எவ்வளவுன்னு யாரு பாக்குறது? மாமிக்குத் தல கோதுறப்பத்தான் வீட்டுச் சங்கதி எல்லாம் பேசுவோம். மொளக விக்கலாமா, தனம் அக்காவ அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பலாமான்னு மாமி கேப்பாங்க. தல என் கையில இருக்கே, நான் சொல்ற வரைக்கும் அவங்களும் எந்திரிக்க முடியாது."

"அப்ப போனுல ஏன்டி ரகசியம் பேசுறே?"

"நான் போன எடுத்தா எல்லாரும் வேலைய வுட்டுட்டு என்னையவே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. நான் என்னா பண்றது?"

எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. கோழிக்கு ஒரு பருக்கையை வீசினாள், கழுத்து மயிர் போனதற்குப் பார்த்து.

"வந்த புதுசுல அழுதேன் அத்தை. இப்ப அழ நேரமில்ல. இவங்க நல்லவங்கதான். ஒண்ணே ஒண்ணுதான். நான் படுத்தா வீடு படுத்துரும். காய்ச்சலுன்னாலும் எந்திரிச்சிரணும். யாரும் தேடாம ஒரு பொழுது கால நீட்டிக் கெடக்கணும். அவ்வளவுதான் ஆசை."

மொட்டைச்சி கண்ணை முழுக்க மூடி நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மற்றதெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கும். அது தலையைத் தூக்கிக்கொண்டே இருக்கும். தம்பிக்குப் பிள்ளை மிதிபடவில்லை என்று சொல்லிவிடலாம். நன்றாக இருக்கிறாள் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

ஊருக்குத் திரும்பும் முன் ரிவர்ஸ்டன் மலைக்குக் கூட்டிப் போனார்கள். தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிச் சுற்றி ஏறுகிற வழி. என் காது அடைத்துக்கொண்டது. மேலே போனால் மேகம் தரையில் நடக்கிறது. எங்கள் ஊரில் மேகத்தை அண்ணாந்து கும்பிடுவோம், இங்கே அது காலுக்குள் புகுந்து ஓடுகிறது. காற்று வேனைப் பிடித்து ஆட்டியது. பக்கக் கதவைச் சரி பண்ணியிருந்தார்கள். சுரேஷ் நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டதும் எல்லாரும் உட்கார்ந்தபடியே இருந்தார்கள். எனக்கு இப்போது காரணம் தெரியும். பூங்கொடி பின் இருக்கையில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. விடியுமுன் எழுந்து அத்தனை பேருக்கும் கட்டுச்சோறு செய்தவள்.

அவள் தோளில் கை வைத்து அமுக்கினேன். "நீ படு."

"இல்ல அத்தை, எல்லாரும்..."

"படுன்னு சொல்றேன்ல."

எந்த வரிசையிலும் நான் முதலில் நின்றதில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில்கூடத் தூணுக்குப் பின்னால்தான் என் இடம். எழுந்தேன். பையைத் தோளில் மாட்டினேன். இறங்கினேன். "எந்திரிங்க, வாங்க!" என்று ஒரு சத்தம் போட்டேன். அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று நானே திரும்பிப் பார்க்க இருந்தேன். பார்க்கவில்லை. மொட்டைச்சி திரும்பிப் பார்க்காது. பார்த்தால் போச்சு, பின்னால் வருகிறதுக்குச் சந்தேகம் வந்துவிடும். மூடுபனிக்குள் நடந்தேன்.

எனக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. பின்னால் ஒன்றும் கேட்கவில்லை. காற்று மட்டும்தான். மாத்தளை மலையில் தன்னந்தனியாக ஒரு கிழவி ஈரப்புல்லில் நடந்து போகிறாள், பின்னால் வேனுக்குள் ஒரு குடும்பம் உட்கார்ந்து அவளை வேடிக்கை பார்க்கிறது என்று நினைத்தேன். வெட்கம் காதுவரை ஏறியது. தம்பி கண்மாய்க் கரையில் நின்ற நிலை எனக்கும்தான் என்று கால் தயங்கியது. ஆனாலும் நடந்தேன்.

அப்புறம் ஒரு செருப்பு சறுக்குகிற சத்தம் கேட்டது. இன்னொரு செருப்பு. "ஐயோ அம்மா" என்று தனம். அதற்கும் பின்னால் அந்தப் பெரிய குரல், மூச்சிரைக்க: "சம்மந்தி! மெதுவாப் போங்க சம்மந்தி! எங்க போறோம்?"

எங்கே போகிறோம் என்று எனக்கு என்ன தெரியும்? வலப்பக்கம் திரும்பினேன். வலப்பக்கம் வந்தார்கள். ஒரு பாறை வந்தது, உட்கார்ந்தேன். வரிசையாக உட்கார்ந்தார்கள். எனக்கு உள்ளே கிச்சுக்கிச்சு மூட்டியது போல் இருந்தது. மேகம் ஒரு நிமிஷம் விலகியது. கீழே சாலையில் வேன் தெரிந்தது. பின் இருக்கை ஜன்னலில் இரண்டு பாதங்கள், கண்ணாடியில் ஒட்டினாற்போல், நீட்டியபடி.

மலை உச்சியில் ஒரு கோபுரம் நிற்பதால் போனுக்குக் குறைவில்லை. சுரேஷ் என்னிடம் நீட்டினார். வாங்க எழுந்தேன், எல்லாரும் எழுந்தார்கள். தம்பி.

"அக்கா, மொட்டைச்சிய எழுப்பினேன். அது பாட்டுக்குப் போச்சு, எல்லாம் வந்துருச்சுக்கா! சரி, அத விடு. புள்ள எப்படி இருக்கா? மறைக்காமச் சொல்லு."

"தூங்குறா."

"இந்நேரத்துக்கா? எழுப்பு, ரெண்டு வார்த்தை பேசணும்."

"அதெல்லாம் எழுப்ப முடியாது," என்றேன். ரவி, தனம், சுரேஷ், சம்மந்தியம்மா, நாலு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அடுத்து எந்தப் பக்கம் என்று. நான் போனைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு குரலைத் தணித்தேன்.

"நல்லா இருக்காடா. இங்க எல்லாரும் நிக்கிறாங்க. வச்சிர்றேன்."